பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5க்குப் புது கியர் நாப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இருப்பது 1991இல் ஜப்பானில் ஓடத் தொடங்கி, பிறகு பிரிட்டனுக்குக் கப்பலேறி வந்த ஒரு யூனோஸ் ரோட்ஸ்டர். அதில் மூன்று நாப்கள், அதாவது கியர் போடும் ராடின் தலையில் கை பிடிக்கும் குமிழ்கள், மாற்றிப் பார்த்திருக்கிறேன். ஒன்று தவறாகப் போனது, ஒன்று பிடிக்கவில்லை, மூன்றாவது இப்போதும் காரில் இருக்கிறது. இதே கார் வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எந்தக் காரைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

மாஸ்டா எம்எக்ஸ்-5, முதல் தலைமுறை. 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமாகி, 1997 வரை ஹிரோஷிமாவில் தயாரான இரண்டு இருக்கைக் கார். முன்விளக்குகள் எழும்பி மடங்கும். ஜப்பானில் இதற்கு யூனோஸ் ரோட்ஸ்டர் என்று பெயர், அமெரிக்காவில் மியாட்டா. பெயர்தான் வேறு, கார் ஒன்றே. ரசிகர்கள் சுருக்கமாக 'என்ஏ' என்பார்கள். கீழே சொல்வதெல்லாம் ஐந்து கியர் கொண்ட மேனுவல் காருக்கு. ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்கு இது உதவாது.

ஒரு நாபுக்கு இவ்வளவு அக்கறை ஏன்?

இந்தக் காரில் கியர் ராடு கியர்பாக்ஸின் தலையிலேயே நேராக உட்கார்ந்திருக்கிறது. இடையில் கேபிள் இல்லை, நீண்ட கம்பிகளும் இல்லை. உள்ளே பல் சக்கரம் செய்வது உள்ளங்கைக்கு அப்படியே வந்து சேரும். தலைமைப் பொறியாளர் தோஷிஹிகோ ஹிராயும் அவர் குழுவும் இந்தக் காருக்கு வைத்த இலக்கு 'ஜின்பா இத்தாய்': குதிரையும் வீரனும் ஓருடல். அந்தக் குதிரையின் கடிவாளத்தில் உங்கள் கை படுகிற இடம் இரண்டுதான். ஒன்று ஸ்டியரிங், மற்றது இந்த நாப். நகரத்தில் ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் நூறு முறையாவது அதைத் தொடுவீர்கள். கைக்கு ஒத்துவராத நாப் காரையே வேறு காராக்கிவிடும்.

எந்த மரை பார்த்து வாங்க வேண்டும்?

எம்10 × 1.25. இது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ராடின் விட்டம் 10 மி.மீ., ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடையே 1.25 மி.மீ. இரண்டாம் தலைமுறைக்கும் இதே அளவுதான்.

நம்பிக்கை வரவில்லை என்றால் அளந்து பாருங்கள். பழைய நாபைக் கழற்றிவிட்டு ராடின் மரை மீது ஓர் அளவுகோலை வைத்து எண்ணுங்கள். 10 மி.மீ. நீளத்துக்குள் சரியாக எட்டு இடைவெளி வந்தால் 1.25. ஏழுகூட நிறையவில்லை என்றால் 1.5. காரை முன்பு வைத்திருந்த யாராவது ராடையே மாற்றியிருக்கலாம், அதனால் எண்ணிப் பார்ப்பது வீண் வேலை இல்லை.

ஒரு நட்டு வாங்கி மாட்டிப் பார்ப்பதும் நல்ல வழி. ஆனால் சாதாரண ஹார்டுவேர் கடையில் எம்10 நட்டு என்று கேட்டால் பெரும்பாலும் 1.5தான் எடுத்துக் கொடுப்பார்கள். ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் 'ஃபைன் த்ரெட், ஒண்ணே கால்' என்று சொல்லிக் கேளுங்கள்.

விற்பவர் 'எல்லாக் காருக்கும் பொருந்தும்' என்கிறார். நம்பலாமா?

நான் நம்பினேன். என் முதல் நாப் அப்படித்தான் வந்தது. பளபளப்பான அலுமினிய உருண்டை, கூடவே ஒரு சின்னப் பையில் நாலைந்து பித்தளை மரைக்கூடுகள். எந்தக் கூட்டிலும் அளவு பொறிக்கப்படவில்லை. ஒன்றை எடுத்துச் சுழற்றினேன். முதல் சுற்று வழுக்கிக்கொண்டு போனது, இரண்டாவதில் லேசாகப் பிடித்தது. பழைய கார், அழுக்கு இருக்கும் என்று நினைத்து அழுத்தித் திருகினேன். ஒரு மெல்லிய 'கிறீச்' கேட்டது. கழற்றிப் பார்த்தபோது பித்தளை துகளாக உதிர்ந்தது, ராடின் நுனியில் முதல் இரண்டு மரைகள் சாய்ந்திருந்தன. அந்தக் கூடு எம்10 × 1.5.

1.5 மரை 1.25 ராடில் ஏறத் தொடங்கும், அதுதான் ஏமாற்று. விட்டம் ஒன்று என்பதால் ஒன்றிரண்டு சுற்று போகும், பிறகு இறுகும். எனவே கையால், இரண்டு விரலால், கடைசி வரை போகாத எதையும் ஸ்பேனரோ பலமோ வைத்துத் திருகாதீர்கள்.

எல்லாக் காருக்கும் என்று விற்பவற்றில் இன்னொரு வகை உண்டு. உள்ளே மரையே இருக்காது. ரப்பர் குழாயை ராடில் செருகி, பக்கவாட்டில் மூன்று சின்ன ஆலன் ஸ்க்ரூவால் இறுக்க வேண்டும். அந்த ஸ்க்ரூக்கள் ராடின் மரையைக் கடித்துக் குதறும். போதாததற்குச் சில வாரங்களில் தளர்ந்து, வேகமாக இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது கையோடு வந்துவிடும். சரியான மரை உள்ள நாப் தாராளமாகக் கிடைக்கும் காருக்கு இது தேவையே இல்லை.

மரை கெட்டுவிட்டது. ராடை மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். எம்10 × 1.25 அளவில் ஒரு டை (மரை வெட்டும் வளையக் கருவி) வாங்கி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ராடுக்கு நேராகப் பிடித்து, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று மெதுவாக இறக்குங்கள். டை சாயாமல் இருப்பதுதான் முக்கியம். முதலில் ராடைச் சுற்றி ஒரு துணியைக் கட்டிவிடுங்கள், இரும்புத் தூள் ராடைச் சுற்றியிருக்கும் உறைக்குள் (இதைத்தான் 'பூட்' என்பார்கள்) விழக்கூடாது. என் ராடு அப்படித்தான் பிழைத்தது. நுனி மரை இரண்டும் கொஞ்சம் தேய்ந்தவைதான், மீதி நன்றாகப் பிடிக்கிறது.

பழைய நாப் கழலவே மாட்டேன் என்கிறது.

முப்பது வருடம் ஒரே இடத்தில் இருந்தது, உடனே வராது. கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழற்றினால் கழலும், அதைப் பிடித்து வைக்க வேறு எதுவும் இல்லை. வியர்வை பட்ட கை வழுக்கும் என்பதால் ஒரு ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கியரை நியூட்ரலில் வைக்காமல் இரண்டிலோ நாலிலோ வைத்தால் ராடு ஆடாமல் நிற்கும். கைப்பிரேக் போட்டிருக்கட்டும்.

அப்படியும் வரவில்லையா? முடி உலர்த்தும் டிரையரால் நாபின் அடிப்பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் சூடு காட்டுங்கள். பழைய பசை இருந்தால் இளகும். தோல் சுருங்காத அளவு சூடு போதும். பெயின்ட் உரிக்கும் ஹீட் கன்னைக் கிட்டே கொண்டுவராதீர்கள். அடுத்தது, பூட்டின் கழுத்தைக் கொஞ்சம் கீழே தள்ளி, வெளியே தெரியும் ராடைத் துணி சுற்றி ஒரு குறடால் பிடித்துக்கொண்டு நாபைச் சுழற்றலாம். மரை உள்ள பகுதியில் குறடு படவே கூடாது.

மேல்நோக்கி இழுக்காதீர்கள். அது செருகு நாப் இல்லை, எவ்வளவு இழுத்தாலும் வராது. அதற்குப் பதிலாகக் கீழே ராடின் அடியைத் தாங்கும் பிளாஸ்டிக் புஷ்ஷுக்கு வீணான சுமை.

சில நேரம் நாப் வந்துவிடும், உள்ளே இருந்த பிளாஸ்டிக் மரை மட்டும் உடைந்து ராடிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். பதற வேண்டாம். கத்தியால் நீளவாக்கில் கீறி, உரித்து எடுத்து, பித்தளை பிரஷ்ஷால் மரையைத் துலக்கினால் போதும்.

புதியதை மாட்டுவது?

பழையதைக் கழற்றியதில் பாதி வேலைகூட இல்லை. மரையைத் துடையுங்கள், பூட்டின் கழுத்து முறுக்கிக்கொள்ளாமல் நேராக்குங்கள், நாபை இரண்டு விரலால் சுழற்றி இறக்குங்கள், கடைசியில் உள்ளங்கையால் ஓர் அழுத்து. அவ்வளவுதான்.

இறுக்கிய பிறகு எண்கள் கோணலாக நிற்கின்றன. எப்படி நேராக்குவது?

இது எல்லோருக்கும் வருவது. நாப் எங்கே இறுகும் என்பது மரை எங்கே தொடங்குகிறது என்பதைப் பொறுத்தது, தொழிற்சாலையில் யாரும் உங்கள் காருக்காக அளந்து வெட்டுவதில்லை.

சுத்தமான வழி ஒரு லாக் நட்டு. எம்10 × 1.25இல் மெல்லிய நட்டு ஒன்றை முதலில் ராடில் ஏற்றுங்கள், பிறகு நாபை ஏற்றி எண்கள் நேராக வரும் இடத்தில் நிறுத்துங்கள், நட்டை மேலே கொண்டுவந்து நாபின் அடியோடு இறுக்குங்கள். பூட்டின் கழுத்து நட்டை மறைத்துவிடும். நாபுக்குள் குறைந்தது எட்டு மி.மீ. மரையாவது ஏறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நட்டுக்கு இடம் இல்லை என்றால் வாஷர் வைக்கலாம். இங்கே ஒரு சின்னக் கணக்கு உதவும். நாபை ஒரு முழுச் சுற்று சுற்றினால் அது 1.25 மி.மீ. இறங்கும், கால் சுற்றுக்கு ஏறக்குறைய 0.3 மி.மீ. ஆகவே உங்கள் நாப் நேர் நிலையைத் தாண்டிக் கால் சுற்று போய் இறுகினால், அது உட்காரும் இடத்தில் 0.3 மி.மீ. கனத்தில் ஒரு ஷிம் (மெல்லிய தகடு) வைத்தால் நேராக நின்றுவிடும். அரைச் சுற்று தாண்டினால் 0.6. நேர் நிலைக்குக் கால் சுற்று முன்பே இறுகிவிட்டால் முக்கால் சுற்று பின்வாங்க வேண்டும், அதற்கு 0.9 தேவை. கூல்டிரிங்க் டின்னை வெட்டி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலை செய்யும், ஆனால் விளிம்பு கூர்மை, விரலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மரையில் பசை போடலாமா?

தேவையில்லை. சரியான மரை, உள்ளங்கை அழுத்தம், இரண்டும் இருந்தால் நாப் தானாகக் கழலாது. அதிர்வில் தளர்கிறது என்றால் குழாய் வேலைக்குப் பயன்படும் வெள்ளை டெஃப்லான் டேப்பை இரண்டு சுற்று சுற்றுங்கள்.

சிவப்பு நிற த்ரெட்லாக் பசை வேண்டவே வேண்டாம். அது இறுகினால் நல்ல சூடு கொடுத்துத்தான் எடுக்க வேண்டும், அதற்குள் தோலும் மரமும் கருகிவிடும். நீல நிறம் பரவாயில்லை, ஒரு சொட்டு, அதுவும் உலோக மரைக்கு மட்டும். இந்த வகைப் பசைகள் சில பிளாஸ்டிக்குகளில் விரிசல் உண்டாக்கும். இன்னொன்றும் யோசியுங்கள்: இந்தக் காரில் நடுக் கன்சோலைக் கழற்ற வேண்டுமானால் முதலில் நாபைக் கழற்றியாக வேண்டும். நாளைக்கு எலக்ட்ரீஷியன் உள்ளே ஒரு ஒயரைத் தேடும்போது உங்கள் பசை அவருக்கு வேலை வைக்கும்.

கனமான நாப் போட்டால் கியர் வழுக்கிக்கொண்டு விழும் என்கிறார்களே?

பாதி உண்மை. முதலில் எடையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 செ.மீ. விட்டமுள்ள திட உருண்டையை எடுத்துக்கொண்டால், துளையைக் கழிக்காமல், எஃகு என்றால் 510 கிராம் வரும். அலுமினியம் 175 கிராம். டெல்ரின் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக் 90 கிராம். மரம் அதிலும் பாதிதான் இருக்கும்.

அரைக் கிலோ எஃகு உருண்டையை ஒரு முறை அசைத்துவிட்டால் அதன் வேகமே ராடை அடுத்த கியருக்குள் கொண்டு போகும். நடுவில் வரும் சின்னச் சின்னத் தடங்கல்கள் கைக்குத் தெரியாது. அதனால்தான் வழுவழுப்பாகத் தோன்றுகிறது. உள்ளே சின்க்ரோ வளையம் (கியர் விழுமுன் பல் சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்துவது) பழைய வேலையைத்தான் செய்கிறது; அது தேய்ந்திருந்தால் தேய்ந்ததுதான். என் இரண்டாவது நாப் எஃகு. ஒரு மாதம் ஓட்டினேன். கியர் அழகாக விழுந்தது, ஆனால் காரின் பேச்சு குறைந்துவிட்டது. இந்தக் காரை வாங்கியதே அந்தப் பேச்சுக்காகத்தான், அதனால் கழற்றிவிட்டேன். உங்களுக்கு அது பிடிக்கலாம், தவறில்லை. முடுக்கும்போது கியர் தானாக நியூட்ரலுக்கு நழுவும் பழக்கம் உங்கள் கியர்பாக்ஸுக்கு இருந்தால் மட்டும் கனமான நாப் போடாதீர்கள், நழுவல் கூடும்.

மரமா, தோலா, உலோகமா?

இது மேற்கூரை திறக்கும் கார் என்பதை நினைவில் வைத்து முடிவு செய்யுங்கள். கூரையை மடக்கிவிட்டுக் கோடை மதியத்தில் ஒரு மணி நேரம் நிறுத்தினால், பளபள உலோக நாபைக் கையால் தொட முடியாது. ஜனவரிக் காலையில் அதே நாப் பனிக்கட்டி. உலோகம் வைத்திருப்பவர்கள் நிறுத்தும்போது ஒரு பழைய காலுறையைப் போர்த்திவிடுவது நல்லது.

தோல் எல்லாக் காலத்துக்கும் ஒத்துவரும். தையல் இருக்கும் பக்கம்தான் முதலில் தேயும்.

என் மனம் மரத்தில்தான். அதற்கு இந்தக் காரின் வரலாற்றிலேயே இடம் இருக்கிறது. 1990இல் ஜப்பானில் வந்த வி-ஸ்பெஷல் என்ற பதிப்பில் கரும்பச்சை நிறம், பழுப்புத் தோல் இருக்கைகள், நார்டி நிறுவனத்தின் மர ஸ்டியரிங், கூடவே மர நாப். பிற்பாடு மாஸ்டாவே ஹிரோஷிமாவில் முதல் தலைமுறைக் கார்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் சேவையை 2017இல் அறிவித்தபோது, மறுபடி தயாரிக்க எடுத்துக்கொண்ட சில பாகங்களில் அந்த மர ஸ்டியரிங்கும் மர நாபும் இருந்தன. பழைய 185/60 ஆர்14 டயரோடு சேர்த்து ஒரு நாபையும் நினைவு வைத்திருக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

மர நாபின் உள்ளே பித்தளைக் கூடு ஒட்டப்பட்டிருக்கும். அளவு மீறி இறுக்கினால் ஒட்டு விட்டுப்போய், கூடு ராடோடு நின்றுவிட, மரம் மட்டும் சுற்றும். வார்னிஷ் பூசிய மரத்துக்கு எண்ணெய் தடவ வேண்டியதில்லை, ஈரத் துணியால் துடைத்தாலே போதும். கையில் சன்ஸ்கிரீன் கிரீம் பூசிய நாட்களில் ஓட்டி முடித்ததும் துடைத்துவிடுங்கள்.

உயரம் முக்கியமா?

ரொம்ப முக்கியம், ஆனால் யாரும் கேட்பதில்லை. கை படும் இடம் கீழே இறங்கினால் கியர் போடும் தூரம் குறையும், பலம் கூடுதலாக வேண்டும். மேலே ஏறினால் தலைகீழ். ராடு அசையும் அச்சிலிருந்து உங்கள் கை 25 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 2.5 செ.மீ. குட்டையான நாப் தூரத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைக்கும். இந்தக் காரில் தூரம் ஏற்கெனவே மணிக்கட்டு அசைவு அளவுதான், இன்னும் குறைத்து என்ன செய்யப்போகிறோம்? பழைய நாபைப் பக்கத்தில் வைத்து உயரத்தை ஒப்பிட்டு வாங்குங்கள். உயரமான நாப் என்றால் முதல், மூன்றாம், ஐந்தாம் கியர்களில் விரல் முட்டி ரேடியோவில் இடிக்கிறதா என்றும் பாருங்கள்.

நாப் மாற்றியும் ராடு லொடலொட என்று ஆடுகிறது. சூடான காற்றும் மேலே வருகிறது.

அது நாபின் குற்றம் இல்லை. ராடின் அடி முனையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் புஷ் இருக்கிறது; வருடக்கணக்கில் தேய்ந்து உடையும். அதற்கு மேலே ஒரு ரப்பர் பூட், அதற்கும் மேலே கன்சோலுக்கு அடியில் பெரிய ரப்பர் பூட். கிழிந்திருந்தால் கியர்பாக்ஸ் சூடும் சத்தமும் நேராக உங்கள் முழங்கைக்கு வரும்.

நாபைக் கழற்றிய கையோடு கன்சோலையும் எடுத்துவிட்டால் இதெல்லாம் ஒரு மதிய வேலை. பெரும்பாலும் 10 மி.மீ. போல்ட்டுகள்தான். ராடை மேலே எடுத்ததும் அது உட்கார்ந்திருந்த குழிக்குள் எட்டிப் பாருங்கள். அங்கே தனியாகக் கொஞ்சம் கியர் ஆயில் இருக்க வேண்டும், 80 முதல் 90 மில்லி. இது கியர்பாக்ஸின் முக்கிய ஆயிலோடு சேர்ந்ததில்லை, கீழே டிரெயின் செய்தால் இது மாறாது. பல கார்களில் அந்தக் குழி காய்ந்தோ கரிய சேறாகவோ கிடக்கும். துடைத்து, புது ஆயில் விட்டு, புஷ்ஷையும் பூட்டையும் மாற்றி மாட்டுங்கள். விலை உயர்ந்த எந்த நாபும் தராத மாற்றம் இதில் கிடைக்கும். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் முதலில் இதைச் செய்யுங்கள், நாப் அப்புறம்.

காலையில் இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கிறது. நாப் தீர்க்குமா?

தீர்க்காது. குளிரில் இந்த கியர்பாக்ஸ் இரண்டாவதில் முரண்டு பிடிப்பது ஊரறிந்த குணம். ஆயில் சூடாகும்வரை சில கிலோமீட்டர் மெதுவாகப் போடுங்கள். 75டபிள்யூ-90, ஜிஎல்-4 ரக ஆயில் இரண்டு லிட்டர் மாற்றினால் பெரும்பாலும் தணியும். சூடான பிறகும் பல் உரசும் சத்தம் வந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

நாபில் கியர் வரைபடம் இல்லை. பிரச்சினையா?

ஜப்பானில் பிரச்சினைதான். அங்கே 'ஷாகென்' என்னும் கட்டாய வாகனச் சோதனையில், எந்தக் கியர் எங்கே என்பது ஓட்டுநருக்குத் தெரியும்படி குறித்திருக்க வேண்டும். வெறும் உருண்டை நாப் போட்டவர்கள் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்கிறார்கள். நீங்கள் இருக்கும் நாட்டுச் சோதனை விதியையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். விதி இல்லாத ஊரிலும் ஒட்டி வைப்பது நல்லது. இந்தக் காரில் ரிவர்ஸ் வலப்பக்கம் கீழே, ஐந்தாவதுக்கு நேர் பின்னால். முதல் முறை ஓட்டும் உங்கள் தம்பிக்கோ டயர் கடைப் பையனுக்கோ அது தானாகத் தெரியாது.

ஓட்டும்போது கையை நாப் மேலேயே வைத்திருக்கலாமா?

கூடாது. கையின் எடை ராடு வழியாக உள்ளே ஷிஃப்ட் ஃபோர்க்கை (கியரை நகர்த்தும் கவையை) அழுத்திக்கொண்டே இருக்கும், சுழலும் பாகத்தில் உரசி அது தேயும். புது நாப் போட்ட முதல் வாரம் கை அங்கேயே போகும், எனக்கும் போனது. கியர் போட்டதும் கையை ஸ்டியரிங்குக்குக் கொண்டுபோங்கள்.

வேறு பழைய காருக்கும் இதே நாப் பொருந்துமா?

மரை பார்க்காமல் சொல்ல முடியாது. டாட்சன் 240இசட் எம்8 × 1.25. ஹோண்டாக்கள் பெரும்பாலும் எம்10 × 1.5, என் ராடைக் கெடுத்த அதே அளவு. பழைய பிரிட்டிஷ் கார்களில் அங்குல அளவு மரை வரும், மெட்ரிக் நாப் ஏறவே ஏறாது. ஓவர்டிரைவ் (வேகப் பயணத்துக்கான கூடுதல் உயர் கியர்) உள்ள சில டிரையம்ஃப், எம்ஜி கார்களில் அதன் சுவிட்ச் நாபிலேயே இருக்கும், ஒயர் ராடுக்குள் ஓடும். அதைத் தெரியாமல் சுழற்றினால் ஒயர் முறுக்கி அறுந்துபோகும். முதலில் மேல்மூடியை எடுத்து ஒயரை விடுவிக்க வேண்டும்.

கழற்றிய பழைய நாபை என்ன செய்வது?

எறியாதீர்கள், விற்கவும் செய்யாதீர்கள். துடைத்து, ஒரு துணியில் சுற்றி, அளவு எழுதிய சீட்டோடு கார் ஆவணங்கள் இருக்கும் பெட்டியில் வையுங்கள். அடுத்து இந்தக் காரை வாங்குகிறவர் அதைத்தான் முதலில் கேட்பார். என்னிடம் விற்றவர் கார் சாவியோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவையும் கொடுத்தார். உள்ளே தொழிற்சாலையில் மாட்டி வந்த கறுப்பு நாப், உச்சியில் எண்கள் பாதி அழிந்து, அவருடைய கட்டைவிரல் பட்ட இடம் மட்டும் வழுவழுவென்று இருந்தது.